போர்டை மாற்றுவதற்கு முன்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சித்திரை, வைகாசியில் கோடை மழை இடி மின்னலோடுதான் இறங்கும். மரக்கிளை கம்பியில் சாய்ந்து கரண்ட் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜெனரேட்டர் ஓடும். பிறகு லைன் திரும்ப வரும். இந்த மாற்றங்களுக்கு நடுவே ஏதோ ஒரு சமையலறையில் டிஷ்வாஷர் நின்றுபோயிருக்கும். பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியாது. பார்க்க வருபவர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்: “போர்டு போச்சு, மாத்தணும்.” போர்டின் விலையைக் கேட்டதும், இதற்குப் புது மெஷினே வாங்கிவிடலாமே என்று வீட்டார் யோசிக்கத் தொடங்குவார்கள். இது பெரும்பாலும் அவசர முடிவு. மின்கோளாறில் நின்ற டிஷ்வாஷரில் பழுதாகும் பகுதி பல நேரங்களில் மிகச் சிறியது. அது எது என்று கண்டுபிடிக்க வரிசையான விசாரணை ஒன்று போதும். இயந்திரங்களோடு வாழும் இந்த வட்டாரத்துக்கு அந்த விசாரணை முறை நன்றாகவே தெரியும்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பைப் பார்த்துவிடுவோம். ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1886இல் காப்புரிமை பெற்று, 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டிய இயந்திரத்தின் அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது: கம்பிக் கூடைகளில் அடுக்கிய பாத்திரங்களின் மேல் சூடான சோப்பு நீர் அழுத்தத்தோடு பாய்கிறது. இன்லெட் வால்வு திறந்து சில லிட்டர் தண்ணீரை உள்ளே விடுகிறது. ஏறத்தாழ 2000 வாட் ஹீட்டர் அதைச் சூடாக்குகிறது. ஒரு பம்ப் அதே தண்ணீரைச் சுழலும் கைகளின் வழியே திரும்பத் திரும்ப இறைக்கிறது. இன்னொரு பம்ப் அழுக்குநீரை வெளியேற்றுகிறது. எது எப்போது ஓட வேண்டும் என்று உத்தரவிடுவது கன்ட்ரோல் போர்டு. இயந்திரம் சும்மா இருக்கும்போது ஹீட்டரும் பம்புகளும் வால்வும் ரிலேக்களாலும் மின்னணு ஸ்விட்சுகளாலும் லைனிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். பிளக் சொருகியிருக்கும்வரை லைனை எதிர்கொண்டு நிற்பது, பெரும்பாலான மாடல்களில், போர்டின் பவர் சப்ளை பகுதி மட்டுமே. ஓடாத நேரத்தில் உயர் மின்னழுத்தம் வந்தால் முதல் அடி அங்கேதான் விழும்; விலையுள்ள மற்ற பாகங்கள் தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

அந்த உயர் மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது? மின்னல் ஒரு காரணம். ஆனால் வீட்டுச் சாதனங்களைக் கூட்டமாகப் பலிவாங்குவது நியூட்ரல் அறுந்துபோவது. தெருவுக்கு வரும் மும்முனை இணைப்பில் ஒவ்வொரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், முனைக்கும் முனைக்கும் இடையே 400 வோல்ட். பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்தாலோ இணைப்பில் தளர்ந்தாலோ, வெவ்வேறு முனைகளில் இருக்கும் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தாற்போல 400 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பங்கு சமமாக விழாது. கீசரும் ஏசியும் ஓடும் வீட்டுக்குக் குறைந்த வோல்ட்டும், இரண்டு விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்கு அதிக வோல்ட்டும் போகும். மும்முனை இணைப்புள்ள ஒரே வீட்டின் அறைகளுக்கு இடையிலும் இது நடக்கலாம். ஜெனரேட்டர் மாற்று ஸ்விட்சில் நியூட்ரல் தொடர்பு சரியில்லாவிட்டாலும் இதே விளைவுதான். 230 வோல்ட்டைத் திருத்தி நேர்மின்சாரமாக்கினால் உச்சம் சுமார் 325 வோல்ட். 400 வோல்ட் வந்தால் அது 560ஐத் தாண்டும். பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட் தாங்குபவை. அவை உப்புவதும் வெடிப்பதும் இதனால்தான்.

ஆனால் கெபாசிட்டர்வரை போகாமலே பல போர்டுகள் தப்பிக்கின்றன. கழற்றிய போர்டை வெளிச்சத்தில் பிடித்து, லைன் கம்பி வந்து சேரும் மூலையைப் பாருங்கள். ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். அதை அடுத்து நாணயம் அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில், ஒரு வட்டத் தகடு நிற்கும். அதற்கு வேரிஸ்டர் என்று பெயர். வழக்கமான மின்னழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. அழுத்தம் எல்லை மீறினால் சட்டென்று கடத்தத் தொடங்கி, மிகையைத் தன் வழியே திருப்பிவிடும். நொடியின் சிறு துளி நேரம் வந்துபோகும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும். 400 வோல்ட் நிமிடக்கணக்கில் நின்றால் சூடேறி வெடித்து ஷார்ட் ஆகும். அதனால் ஃபியூஸ் உருகிப் போர்டு லைனிலிருந்து அறுபடும். கரிந்த நீலத் தகடும் கருத்த ஃபியூஸும் கண்ணில் பட்டால், பாதுகாப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். அதற்கு அப்பால் உள்ள டயோடுகள், கெபாசிட்டர், ஸ்விட்சிங் சிப் ஆகியவற்றை மீட்டரால் சோதித்து அவை நலமாக இருந்தால், மாற்ற வேண்டியவை இந்த இரண்டு பாகங்கள் மட்டுமே. ஃபியூஸின் இடத்தில் கம்பியைக் கட்டுவதும், வேரிஸ்டரை வெட்டி எறிந்துவிட்டு அப்படியே ஓட்டுவதும் பழுதுபார்ப்பு ஆகாது. இயந்திரம் ஓடத்தான் செய்யும். அடுத்த கோளாறில் தாங்குவதற்கு எதுவும் இருக்காது.

போர்டைத் தொடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய சோதனைகளும் உண்டு. ஓசூரின் எந்த ஆலையிலும் மெஷின் நின்றால் மெயின்டனன்ஸ் ஆட்கள் முதலில் பார்ப்பது உள்ளே வரும் சப்ளையை. வீட்டிலும் அதுவே முதல் படி. அதே 16 ஆம்பியர் சாக்கெட்டில் வேறொரு சாதனம் ஓடுகிறதா? ஓடவில்லை என்றால் கோளாறு சுவரில் இருக்கிறது. எம்சிபி பிரேக்கர் விழுந்தால் ஷார்ட்டைத் தேட வேண்டும். ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்சாரம் எர்த்துக்குக் கசிகிறது, ஹீட்டரை முதலில் சந்தேகிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டர் முனைகளை அளந்தால், 2000 வாட் ஹீட்டர் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஹீட்டருக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. விளக்குகள் எரிந்து, வெளியேற்றும் பம்ப் மட்டும் ஓயாமல் ஓடினால் அது பெரும்பாலும் மின்கோளாறே இல்லை: அடித்தட்டில் தண்ணீர் கசிந்து தேங்கி, அங்குள்ள மிதவை மேலெழுந்து ஸ்விட்சைத் தட்டியிருக்கும். தட்டைக் காயவைத்து, கசிவை அடைத்தால் சரியாகும். தண்ணீர் சூடாகவில்லை என்றால் சுண்ணாம்புப் படிவத்தையும் சந்தேகிக்க வேண்டும். பாறைப்பாங்கான இந்த மாவட்டத்தின் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. இயந்திரத்துக்குள் இருக்கும் மென்னீராக்கிக்கு உப்பு போடாமல் விட்டால் ஹீட்டரில் படிவம் ஏறி, வெப்பக் காப்பு ஸ்விட்ச் அதைத் துண்டித்துவிடும். அதற்கும் பழி போர்டின் மேல்தான் விழுகிறது.

இந்த வரிசையை ஆலைகள் வீணாக உருவாக்கவில்லை. சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் இந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஊர். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. தர மேலாண்மைக்கான டெமிங் விருதை டிவிஎஸ் மோட்டார் 2002இல் பெற்றது. கோளாறு வந்தால் ஏன், ஏன் என்று தொடர்ந்து கேட்டு மூலகாரணம்வரை போவது அந்தத் தர மரபின் அடிப்படை. மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஃபியூஸ் ஏன் போனது? வேரிஸ்டர் ஷார்ட். வேரிஸ்டர் ஏன் ஷார்ட்? வோல்டேஜ் ஏறியது. ஏன் ஏறியது? மீட்டர் பெட்டியில் நியூட்ரல் தளர்வு. முதல் கேள்வியோடு நின்றுவிட்டு முழுப் போர்டையும் மாற்றினால், தளர்ந்த நியூட்ரல் அப்படியே இருக்கும்; புதுப் போர்டுக்கும் அதே கதிதான்.

வீட்டிலேயே இப்படி விசாரிப்பதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஆபத்து. தண்ணீரும் மின்சாரமும் சேரும் இயந்திரத்தில் வீட்டார் கை வைக்கலாமா என்ற கேள்வி முற்றிலும் நியாயமானது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஃபியூஸ் போனது அதைக் காலிசெய்துவிடாது. ஆகவே எல்லையைத் தெளிவாக வகுத்துக்கொள்ள வேண்டும். சாக்கெட், பிரேக்கர், மிதவை, உப்பு ஆகியவற்றைச் சோதிப்பது யாராலும் ஆகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை அளப்பது மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் வேலை. போர்டில் சால்டரிங் செய்வது எலக்ட்ரானிக்ஸ் படித்த டெக்னீஷியன் வேலை. மூடியைத் திறந்துவைத்து லைனைக் கொடுத்துப் பார்ப்பது வீட்டில் யாருமே செய்யக்கூடாதது. இந்த எல்லைக்குள் நின்று விசாரித்தாலே, டெக்னீஷியனிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அடுத்த மறுப்பு: சரிசெய்த போர்டை நம்ப முடியுமா, கம்பெனி ஏற்குமா? வாரன்டி உள்ள மெஷினைத் திறக்கவே வேண்டாம். கம்பெனியை அழைப்பதுதான் சரி. வாரன்டி முடிந்த மெஷினில், ஃபியூஸையும் வேரிஸ்டரையும் அதே அளவுள்ள நல்ல பாகங்களால் மாற்றினால், அந்தப் பகுதி பழையபடியே காக்கும். ஸ்விட்சிங் சிப்பைத் தாண்டிச் சேதம் பரவி மைக்ரோகன்ட்ரோலரே போயிருந்தால், அப்போது போர்டை மாற்றுவது சரியான முடிவு. ஃபியூஸும் வேரிஸ்டரும் சில ரூபாய் முதல் சில பத்து ரூபாய் வரையான பொருட்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரு எஸ்.பி. சாலையில் தாராளமாகக் கிடைக்கும். பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது; வீட்டு உபயோகச் சாதனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. உற்பத்தியாளர்கள் போர்டின் சர்க்யூட் விவரத்தையும் தனிப் பாகங்களையும் தந்தால், சின்னப் பழுதுக்கு முழுப் போர்டை விற்கும் வழக்கம் மெல்ல மறையும்.

பழுதைச் சரிசெய்தபின் மூலகாரணத்தையும் அடைக்க வேண்டும். வேரிஸ்டர் மட்டும் உள்ள ஸ்பைக் கார்டு, நீடித்து நிற்கும் 400 வோல்ட்டிலிருந்து காப்பாற்றாது. மின்னழுத்தம் எல்லை தாண்டினால் லைனையே துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே அதைச் செய்யும். மீட்டர் பெட்டியிலும் ஜெனரேட்டர் மாற்று ஸ்விட்சிலும் நியூட்ரல் இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு இறுக்கிவைக்கலாம். இதைக் குடியிருப்புச் சங்கங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் ஒரு வீடு அல்ல, முழுக் கட்டடமும் தப்பும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வெளியேறும் வாகனங்களையும் கடிகாரங்களையும் உருவாக்கும் கைகள் இந்த வீடுகளில்தான் வசிக்கின்றன. ஷிப்ட் நேரத்தில் காரணம் தேடாமல் எந்தப் பாகத்தையும் மாற்றாத அவர்கள், தங்கள் சமையலறையிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். போர்டை மாற்றச் சொல்பவரிடம், எந்தப் பாகம் போயிருக்கிறது, அளந்து காட்டுங்கள் என்று கேட்பது நுகர்வோரின் உரிமை. அந்த அளவைப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.