கை ஓயட்டும், கால் உதவட்டும்



தையல் மெஷின் மிதிக்கத் தெரிந்தவங்க நம்ம குழுக்களில் நிறையப் பேர். இரண்டு கையும் துணியைப் பிடிச்சிருக்கும், கால் மெஷினை ஓட்டும். கையின் பாரத்தைக் கால் பங்கு போட்டுக்குது. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும்போதும் இப்படிக் காலை உதவிக்குக் கூப்பிடலாமா? கூப்பிடலாம். பழைய ஆபீஸ்களில் கழித்துப் போட்ட கால் பெடலே அதற்குப் போதும். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

எதற்காக இந்தப் பேச்சு?

நம்ம கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எல்லார் சம்மதத்தோடும் பேச்சை செல்போனில் பதிவு செய்கிறோம். பிறகு அலுவலகச் சகோதரி அதைக் கேட்டு கம்ப்யூட்டரில் அடிப்பார். ஒரு வரி கேட்கணும், நிறுத்தணும், அடிக்கணும், கொஞ்சம் பின்னால் போகணும், மறுபடி கேட்கணும். ஒவ்வொரு தடவையும் கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போய்த் திரும்பணும். ஒரு கூட்டத்துக்கே இது நூற்றுக்கணக்கான தடவை.

சில மாதத்தில் அவருக்கு வலது மணிக்கட்டில் வலி வந்துவிட்டது. குடம் தூக்க முடியலை. "வேலையை விட்டுடறேன் அக்கா"ன்னு சொல்லிட்டார். வலியோடு அவசரமாக அடித்ததில் ஒரு தீர்மானமும் மாறிப்போச்சு. "பழைய கடன் முடிந்த பிறகு மறு கடன்" என்று பேசியது, "முடியும் முன்" என்று நோட்டில் ஏறிவிட்டது. அடுத்த கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். பதிவை மறுபடி ஓட விட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பத்துக்குக் கடன் கிடைப்பதே மாறிப்போகுது. அதனால்தான் வழி தேடினோம்.

இந்தப் பெடல் எங்கிருந்து வந்தது?

எடிசன் 1877-இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். கடிதத்தை வாயால் சொல்லிப் பதிவு செய்வது இதன் முக்கியப் பயனாக இருக்கும் என்று அடுத்த வருஷமே எழுதினார். அப்படியே நடந்தது. அமெரிக்க ஆபீஸ்களில் அதிகாரி மெழுகு உருளையில் பேசி வைப்பார். டைப்பிஸ்ட் பெண் அதைக் காதில் கேட்டு அடிப்பார். 'டிக்டாஃபோன்' என்ற பெயர் 1907-இல் வணிகப் பெயராகப் பதிவானது. இரண்டு கையும் டைப்ரைட்டரில் இருக்கும் என்பதால், ஓட்டவும் நிறுத்தவும் காலுக்குப் பெடல் கொடுத்தார்கள். மெழுகு போய் கேசட் வந்தது. பெடல் மட்டும் போகவில்லை.

நம்ம ஊருக்கும் இதோடு தொடர்பு உண்டு. 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் சென்னை, கோவை போன்ற ஊர்களில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை நிறைய நடந்தது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை நம்ம பிள்ளைங்க கேட்டு டைப் அடித்தார்கள். அவர்கள் காலடியிலும் இதே பெடல்தான். அதை கம்ப்யூட்டரின் 9 பின் சீரியல் போர்ட்டிலோ, 15 பின் கேம் போர்ட்டிலோ சொருகுவார்கள். புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்த இரண்டு ஓட்டையும் கிடையாது. பெடல் நன்றாக இருந்தும் காயலான் கடைக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

உள்ளே என்ன இருக்கு?

பயப்பட ஒன்றுமில்லை. நம்ம வீட்டுக் காலிங் பெல் அழுத்துகிறோமே, அது மாதிரி சுவிட்ச்தான். நடுவில் பெரிய பலகை பேச்சை ஓட்ட, ஒரு பக்கம் பின்னால் போக, மறுபக்கம் முன்னால் போக. மூன்று சுவிட்சுக்கும் பொதுவாக ஒரு கம்பி, பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி.

முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கணும். பெடலை அழுத்தும்போது 'பீப்' சத்தம் வந்து, விட்டதும் நின்றால் அந்த ஜோடிக் கம்பி நமக்கு உதவும். எந்த ஜோடியிலும் சத்தம் வரலைன்னா உள்ளே வேறு பாகம் இருக்கலாம், இல்லை சுவிட்சே கெட்டிருக்கலாம். அதை விட்டுடுங்க.

கம்ப்யூட்டரோடு சேர்க்க இரண்டு வழி

1. பழைய யூஎஸ்பி கீபோர்டு வழி: கழித்த கீபோர்டைத் திறந்தால் சின்ன போர்டு ஒன்று இருக்கும். ஒரு கட்டையை அழுத்தும்போது அந்த போர்டின் இரண்டு புள்ளிகள் சேரும். அந்த இரண்டு புள்ளியில் பெடல் கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால், கால் அழுத்தும்போது கட்டையை அழுத்தியதாகவே கம்ப்யூட்டர் நினைக்கும். ஒன்று கவனிக்கணும். பெடலில் பொதுக் கம்பி ஒன்றுதான் என்பதால், மூன்று கட்டைக்கும் ஒரு பக்கப் புள்ளி ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கட்டைகளாகத் தேர்ந்தெடுங்க. செலவு மிகக் குறைவு.

2. சின்ன போர்டு வழி: 'ஆர்டுயினோ லியோனார்டோ' அல்லது 'புரோ மைக்ரோ' போர்டு வாங்கணும். இவை தன்னைக் கீபோர்டு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். பழைய 'யூனோ' வாங்கிடாதீங்க, அது நேரடியாக இப்படிச் செய்யாது. பொதுக் கம்பி கிரவுண்டுக்கு, மற்ற மூன்றும் தனித்தனிப் பின்னுக்கு. எந்தப் பெடலுக்கு எந்தக் கட்டை என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் போடணும். ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கிற நம்ம பிள்ளைங்களே செய்து தருவாங்க. சுவிட்ச் அழுத்தும்போது உள்ளே தகடு துள்ளும். ஒரு அழுத்தல் நாலு அழுத்தலாகத் தெரியும். அதனால் 20 மில்லி செகண்ட் பொறுத்துப் பார்க்கும்படி புரோகிராமில் சொல்லணும்.

இரண்டாவது வழியில் ஒரு லாபம் உண்டு. அழுத்தும்போது ஒரு தடவை, விடும்போது ஒரு தடவை 'ஓடு–நில்' கட்டளை போகும்படி செய்யலாம். கால் வைத்தால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும். நின்றதும் 3 செகண்ட் பின்னால் போகும்படியும் வைக்கலாம். விட்ட சொல்லை மறுபடி கேட்க இது பெரிய உதவி.

பேச்சை ஓட்ட, இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி போதும். அதன் செட்டிங்கில் 'ஹாட்கீஸ்' பகுதியில் 'குளோபல்' என்ற வரிசையில் கட்டையைக் கொடுங்க. அப்போதுதான் நாம் டைப் அடிக்கும் பக்கம் முன்னால் இருந்தாலும் பெடல் வேலை செய்யும். டைப் அடிக்கத் தேவைப்படாத கட்டைகளாகக் கொடுங்க.

பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் அடிக்கிறவங்க ஒரு பெடலை ஷிஃப்ட் கட்டையாக வைத்துக்கொள்ளலாம். சுண்டு விரலுக்கு ஓய்வு. ஒரு கை மட்டும் உள்ள சகோதரிக்கு இது இன்னொரு கை மாதிரி.

கட்டாயம் கவனிக்க வேண்டியது

தையல் மெஷின் மோட்டாரின் பெடலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பார்க்க ஒன்று போல இருக்கும். ஆனால் அதில் 230 வோல்ட் வீட்டுக் கரண்ட் ஓடுது. கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தான். இரண்டும் சேர்ந்தால் கம்ப்யூட்டர் எரியும், உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் தொடாதீங்க.

தரையில் உட்கார்ந்து அடிக்கிற பழக்கம் பெடலுக்கு ஒத்துவராது. நாற்காலி வேணும். குதிகால் தரையில் பதியணும், முன் பாதம் மட்டும் அழுத்தணும். அப்பப்போ கால் மாற்றுங்க, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க. பெடல் மருந்து இல்லை. ராத்திரியில் விரல் மரத்துப்போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.

நம்ம சகோதரி இப்போது வேலையில்தான் இருக்கிறார். வலி முழுசாகப் போகலை, ஆனால் குறைந்திருக்கு. தீர்மானத்தை நோட்டில் ஏற்றும் முன் அந்த இடத்தை மறுபடி கேட்டுச் சரிபார்க்கிறார். முன்பு கை வலிக்குப் பயந்து விட்டுவிடுவாராம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்க

* நம்ம குழுவில் யாருக்கு மணிக்கட்டு வலி இருக்கு? எந்த வேலையால் வந்தது?
* நம்ம தீர்மானங்கள் பேசியபடியே எழுதப்படுகிறதா? எழுதிய பிறகு யார் படித்துக் காட்டுகிறார்கள்?
* கழித்துப் போட்ட பொருளில் மறுபடி உதவக்கூடியது நம்ம ஊரில் என்ன இருக்கு?

பேசினதை எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் சந்திப்போம்.