திருகோணமலை மரம்

மதராஸுக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை. துளையிட்டுத் தும்புக் கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது இறுக்கமாகக் கட்டிய படகு பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அதற்கு ஏற்ற பலகை, கனமும் உரமும் இருந்தும் வளையக்கூடிய பலகை, எங்கள் திருகோணமலைக் காடுகளிலிருந்து போயிற்று. மதராஸில் அதற்கு வழங்கிய பெயரே 'திருகோணமலை மரம்'. ஏற்றுமதியான ஊரின் பெயரால் மரத்தையே அழைத்தார்கள்.

இங்கே அது சமண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில், மதராஸின் அலைகளை எதிர்கொள்ளும் படகுகள் இந்த மரத்தால் ஆனவை என்பதை மறக்காமல் குறித்திருக்கிறார். பீப்பா செய்வோருக்கு இதைவிட நல்ல மரம் இல்லை என்பதும் அக்காலத்தவர் கண்டிருந்ததே. தேங்காய் எண்ணெய் சமண்டலைப் பீப்பாக்களில்தான் கப்பலேறியது. வண்டியின் ஏர்க்காலுக்கும் ஆரக்காலுக்கும் இதையே தேடினார்கள். ஒரு கன மீட்டர் உலர்ந்த மரம் ஏறத்தாழ 900 கிலோ எடை இருக்கும். அவ்வளவு பாரத்தோடு வளையும் தன்மையும் சேர்ந்திருப்பதே இதன் சிறப்பு.

ஊரின் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்றும் உண்டு. 1817இல் பம்பாயில் கட்டப்பட்டு, இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் காட்சிக்கு நிற்கும் 'எச்.எம்.எஸ். திருகோணமலை' அது. அதைக் காண உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். ஆனால் அது தேக்கால் ஆன கப்பல். திருகோணமலையின் பெயரை மெய்யாகவே சுமந்த மரத்துக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை.

தாவரவியலில் இதன் கதை மதராஸோடு பின்னியது. வில்லியம் ராக்ஸ்பரோ தம் கோரமண்டல் கரைத் தாவர நூலின் மூன்றாம் தொகுதியில் இதைப் படத்தோடு விவரித்தார். மதராஸில் மருத்துவராகவும் தாவர ஆர்வலராகவும் இருந்த ஆண்ட்ரூ பெரியின் நினைவாக இனத்துக்கு பெரியா என்று பெயர் வைத்தார். சிற்றினப் பெயரான அம்மோனில்லா, சிங்களப் பெயரிலிருந்து வந்தது. இன்று நூல்களில் இருப்பது பெரியா கோர்டிஃபோலியா. இதய வடிவ இலை என்பதைக் குறிக்கும் பெயர். பழைய நூல்கள் இதைச் சணல் குடும்பத்தில் வைத்தன. இப்போது அந்தக் குடும்பமே செம்பருத்தியும் பருத்தியும் பூவரசும் இருக்கும் மால்வேசியோடு சேர்ந்துவிட்டது. பட்டையில் கயிறு திரிக்கக்கூடிய நார் இருப்பதைப் பார்த்தால் இந்த உறவு வியப்பாக இருக்காது.

மரத்தை நேரில் அறிந்துகொள்வது எளிது. தண்டு நேராக ஓங்கி வளரும். இலை நீண்ட காம்பில் மாற்றடுக்காக நிற்கும். அடியில் இதயம்போல் உள்வளைந்து, நுனியில் கூர்ந்து, காம்பு சேரும் இடத்திலிருந்தே ஐந்து முதல் ஏழு நரம்புகள் பிரியும். பூவரசு இலையை நினைவூட்டும். பூக்கள் சிறியவை, வெள்ளை. கிளை நுனிகளில் பெருங்கொத்துகளாகப் பூக்கும். ஆனால் இந்த மரத்தின் அழகு எனக்குக் காயில்தான் தெரிகிறது. ஒவ்வொரு காயும் மூன்றாகப் பிளக்கும். பிளவுக்கு இரண்டு என்று ஆறு சிறகுகள், குழந்தைகளின் ஓலைக் காற்றாடிபோல விரிந்திருக்கும். காற்று அதைத் தாய்மரத்தை விட்டுத் தூரக் கொண்டுபோகும். உள்ளே இருக்கும் விதைகளை விறைப்பான மயிர்கள் மூடியிருக்கும். தோலில் பட்டால் கடி எடுக்கும்.

வீரை, பாலை, முதிரை, கருங்காலி ஆகியவற்றோடு வறண்ட வலயக் காட்டில் வளர்வது இது. முதிரையையும் கருங்காலியையும் தளபாடத்துக்கு வெட்டினார்கள். சமண்டலையை உழைப்புக்கு வெட்டினார்கள். வெட்டுக்கு வரம்பு வைக்க 1885இலும் 1907இலும் காட்டுச் சட்டங்கள் வந்தன. அதற்குள் எளிதில் எட்டக்கூடிய பெருமரங்கள் பல போய்விட்டன.

தேவை குறைந்ததற்குக் காரணம் வேறு. 1875இல் மதராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881இன் புயல் கட்டியதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். கப்பல் கரையோரம் வந்து நிற்கத் தொடங்கியதும் மசூலாப் படகுக்கு வேலை குறைந்தது. எண்ணெய் இரும்புப் பீப்பாவுக்கு மாறியது, மாட்டு வண்டி லொறிக்கு வழிவிட்டது. திருகோணமலைத் துறைமுகமும் மரத்திலிருந்து எரிபொருள் எண்ணெய்க்கு மாறிற்று. பிரித்தானியர் சீனக்குடாவில் கட்டிய பெருந்தாங்கிகளில் 99 இன்றும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தமானபோது நாடே அதைப் பேசியது. ஒரு காலத்தில் இந்தக் குடாவைக் கடல் கடந்து அறியவைத்தது ஒரு காட்டு மரம் என்பது அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை.

சந்தை விட்டதால் மரம் தப்பிவிடவில்லை. 1950களில் கந்தளாயிலும் அல்லையிலும் நீர்ப்பாசனக் குடியேற்றங்களுக்காகக் காடு வயலானது. தரிசான இடங்களில் வறண்ட வலயம் முழுதும் தேக்கையும் யூகலிப்டசையும் வரிசை வரிசையாக நட்டார்கள். யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மண்ணில் காட்டின் முதுகெலும்பு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இங்கே அதன் அடியில் எங்கள் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் பழகிய உணவு குறைவு. வேகமாக வளரும் என்ற ஒரே காரணத்துக்காக அந்நிய மரத்தைத் தேர்ந்தபோது, மெதுவாக உரமேறும் நாட்டு மரம் கணக்கில் சேரவில்லை. பிறகு 1983 முதல் 2009 வரை போர். காட்டுப்பாதைகள் மூடப்பட்டன, மரத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் மூத்தவர்கள் பலர் ஊர் விட்டார்கள்.

இன்று சமண்டலையை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பழைய பயன்களில் ஒன்று தொடர்கிறது: இலங்கைச் சாராயத்தை இன்னமும் இந்த மரத்தால் செய்த பெரும் மிடாக்களில் முதிரவிடுகிறார்கள்.

இதைப் பலகையாக மட்டுமே பார்த்த பார்வை போதும் என்று நினைக்கிறேன். உட்துறைமுக வீதியோரத்திலும் பாடசாலை வளவுகளிலும் நிழலுக்காக மரம் வைக்கும்போது சமண்டலைக்கு முதலிடம் கொடுக்கலாம். நேராக ஓங்குவதால் இடம் அதிகம் பிடிக்காது. இந்த மண்ணும் வெயிலும் அதற்குப் பழகியவை. காய் முற்றிக் காற்றில் பறக்கும் முன் கொத்தோடு எடுக்க வேண்டும், விதையை உரிக்கும்போது கைக்குத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். வளர்ந்த கன்றுகளை வாடைக்காற்று மழை கொண்டுவரும் ஐப்பசியில் இறக்கினால், அடுத்த கோடைக்கு முன் வேர் ஆழம் போக மூன்று நான்கு மாத ஈரம் கிடைக்கும்.