தலைக்கு இவ்வளவு: அமெரிக்காவின் கூட்டுத் தூண்டிற் படகுகள்

அலுவல் நிமித்தம் தில்லியிலும் நாகபுரியிலும் குடியேறிவிட்ட நம்மவர்க்கு மீன் என்றதும் சந்தை நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வரச் சற்று நேரமாகும். கடலில் இறங்கி மீன் பிடிப்பது அத்தொழிலில் பிறந்தாருடைய பணி, ஏனையோர் வாங்கி உண்பவர் என்பதே நம் நாட்டில் நாம் கண்ட வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இரு கரைகளிலும் நிலைமை வேறு. கடல்தொழிலின் அரிச்சுவடியும் அறியாத தையற்காரரும், பஸ் ஓட்டுநரும், பள்ளி ஆசிரியரும், விடுமுறை நாளில் நண்பர் நால்வரோடு துறைமுகத்துக்குச் சென்று, தம்மால் இயன்ற கட்டணம் செலுத்திப் படகேறி, பகல் முழுவதும் ஆழ்கடலில் தூண்டிலிட்டு, மாலையில் பையில் மீனோடு வீடு திரும்புகின்றனர். இதற்கென்றே அமைந்த படகுகளைப் பற்றி நேயர்களுக்குச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதனைப் ‘பார்ட்டி போட்’ என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் ஒரு சோதனை. ‘பார்ட்டி’ என்பது விருந்தும் ஆகும், அரசியற் கட்சியும் ஆகும், வழக்கில் ஒரு தரப்பும் ஆகும். ஈண்டு இவற்றுள் எதுவும் பொருந்தாது. பலர் சேர்ந்த குழு என்பதே பொருள். ‘விருந்துப் படகு’ என்று பெயர்த்தால், பாட்டும் கூத்துமாக ஒரு படகை வாசகர் கற்பனை செய்துகொள்வர். இதற்கே ‘ஹெட் போட்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. அதைத் ‘தலைப்படகு’ என்றால் கப்பற்படையின் முதன்மைக் கலமோ என்று மயங்க நேரும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பெறும் படகு என்பதே அதன் பொருள். ஆகவே ‘கூட்டுத் தூண்டிற் படகு’ என்று வைத்துக்கொள்வோம். முழுப் படகையும் ஒரு குழுவினரே வாடகைக்கு அமர்த்திச் செல்லும் முறையும் அங்கே உண்டு. அது செல்வர்க்கு உரியது. கூட்டுப் படகிலோ யாரும் ஏறலாம். முன்பதிவு இல்லாமலே வந்து ஏறுவோரும் உளர்.

இதன் பொருளாதாரம் எளிது. எரிபொருட் செலவும் மாலுமிகளின் கூலியும், இருபது பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றே. தலைகள் பெருகப் பெருகத் தலைக்கு விழும் செலவு குறையும். எளியவரும் கடலைக் காணலாம். படகுக்காரரின் வருவாயும் கூடும். இந்தக் கணக்கிலேதான் இப்படகின் நன்மை இருக்கிறது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஷீப்ஸ்ஹெட் பே என்றொரு சிறு குடா உண்டு. ஆட்டுத் தலை என்று பொருள்படும் அப்பெயர், அங்கு முன்னாளில் மிகுதியாகக் கிடைத்த ஒரு மீனின் பெயர். அம்மீனின் பற்கள் ஆட்டின் பற்களைப் போன்றவை. எம்மன்ஸ் அவென்யூ என்னும் கரைத்தெருவை ஒட்டிய துறைகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக இப்படகுகள் புறப்பட்டு வந்துள்ளன. நகரத்து மக்கள் அதிகாலையில் வந்து சேர்ந்துவிடுவர். மேற்குக் கரையில் ஸான் டியாகோ இவ்வகைப் படகுகளுக்குப் பெயர்பெற்றது. அங்கிருந்து பல நாள் பயணமாக மெக்சிகோவின் கடற்பகுதிவரை சூரை மீன் தேடிச் செல்வோரும் உண்டு. அதில் உயிருள்ள சிறு மீன்களைத் தொட்டியில் இட்டு இரையாகக் கொண்டு செல்வர். நாம் நியூயார்க்கின் ஒருநாட் பயணத்தோடு நிற்போம்.

படகில் ஏறியவுடன் ஒவ்வொருவரும் விளிம்புக் கம்பியின் ஓரமாகத் தமக்கென ஓரிடம் பிடிக்கின்றனர். நண்பர்களாக வருவோர் அடுத்தடுத்து இடம் கிடைக்க வேண்டுமென்று முன்னதாகவே வந்துவிடுவர். அனுபவசாலிகள் நாடுவது படகின் பின்பகுதியை. நம் கரையோரத்தில் அதை அமரம் என்பார்கள். நங்கூரமிட்டு நிற்கும்போது கடலில் தூவும் இரைத்துணுக்குகள் நீரோட்டத்தோடு பின்புறமாகவே செல்லும். மீன்களும் அவற்றை நாடி அங்கே கூடும். அமரத்தில் நிற்பவருடைய தூண்டிலும் பிறர் நரம்போடு சிக்காமல் நேரே அங்கே போய்ச் சேரும். தூண்டிற்கோல் இல்லாதவர்க்குப் படகிலேயே வாடகைக்குக் கிடைக்கும். இரையாகக் கணவாய்த் துண்டுகளையோ, சிப்பிச் சதையையோ தருவர்.

ஒலியலைக் கருவியால் அடித்தளத்தை அறிந்து, தக்க இடம் வந்ததும் காப்டன் எந்திரத்தைத் தணித்து ஊதுகுழலை ஒலிக்கிறார். நாற்பது ஈயக் குண்டுகள் ஒருங்கே நீரில் விழுகின்றன. மீண்டும் ஊதினால் யாவரும் நரம்பைச் சுற்றிவிட வேண்டும். படகு வேறிடம் செல்லும். கோடையில் இவர்கள் பெரிதும் நாடுவது ‘ஃபுளூக்’ எனப்படும் தட்டை மீன். நம் கரையில் எருமை நாக்கு என்றும் நாக்கு மீன் என்றும் வழங்குவனவற்றின் உறவு அது. இரண்டு கண்களும் உடலின் இடப்பக்கத்திலேயே அமைந்திருக்க, மணலில் உடலைப் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் காட்டிக் கிடக்கும். ஆகவே ஈயக் குண்டு தரையைத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். தூக்கிப் பிடித்தால் பயனில்லை. இதற்காகப் படகை நங்கூரமிடாமல், காற்றோடும் நீரோட்டத்தோடும் பக்கவாட்டில் மிதக்க விடுவர்.

இவ்வாறு மிதக்கும்போது ஒரு பக்கத்தாருடைய நரம்புகள் படகைவிட்டு விலகிச் செல்கின்றன. மறுபக்கத்தாருடையவை படகின் அடியிற் சென்று சிக்குகின்றன. ஒரே கட்டணம் செலுத்திய இருவருள் ஒருவருக்கு நன்மையும் மற்றவருக்கு இடையூறும் நேர்கின்றன அல்லவா? நேர்மையான காப்டன் ஒவ்வொரு முறையும் படகின் பக்கத்தை மாற்றி நிறுத்துவார். காப்டனுடைய பெயர் துறையில் நிலைப்பது, பிடித்துத் தந்த மீனால் மட்டுமன்று, இத்தகைய நடுநிலையாலும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நரம்புகள் பின்னிக்கொள்வது அடிக்கடி நிகழும். குற்றம் யாருடையது என்று விசாரிக்காமல், படகுப் பணியாளர் வந்து பொறுமையாகப் பிரித்துக் கொடுப்பார். பெரிய மீன் வந்தால் வலைக்கூடையோடு ஓடி வருபவரும் அவரே. திரும்பும் வழியில் மீனை அறுத்துத் துண்டமாக்கித் தருபவரும் அவரே. இப்பணிகளுக்காக அவருக்கு அன்பளிப்பு வழங்குவது அங்கே எழுதாச் சட்டம். பயணிகள் தலைக்குச் சில டாலர் போட்டு, அன்றைய மிகப் பெரிய மீனுக்கு உரியவர் அத்தொகையை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. முதன்முதலாக ஏறியவரே அதைத் தட்டிச் செல்வதும் உண்டு; பழகியவர்கள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

கடல் மயக்கம் பற்றிச் சில சொற்கள். உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு ‘நாம் ஆடுகிறோம்’ என்று மூளைக்குச் சொல்ல, படகின் அறையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘ஆடவில்லை’ என்று சொல்லும். இம்முரண்பாட்டினாலேயே குமட்டல் எழுகிறது. ஆதலால் அறைக்குள் புகுந்து படுப்பதைவிட, வெளியே நின்று தொடுவானத்தை நோக்குவது நல்லது.

பிடித்த மீன் அனைத்தையும் கொண்டுவர இயலாது. இனந்தோறும் குறைந்தபட்ச நீளமும், ஒருவர் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணும், பிடிக்கத் தகுந்த பருவமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளன. அளவு குறைந்ததைத் திரும்பவும் கடலில் விட வேண்டும். ஆனால் விட்டதெல்லாம் பிழைப்பதில்லை. முப்பது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. அங்கே வாழும் மீனின் காற்றுப்பையைத் திடீரென்று மேலே கொணர்ந்தால், உள்ளிருக்கும் காற்று நான்கு மடங்காக விரிந்து, இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடும். அந்நிலையில் விட்டால் மீன் மூழ்க முடியாமல் மிதந்து, கடற்காகங்களுக்கு இரையாகும். எனவே எடை கட்டிய பிடிப்பான் ஒன்றில் மீனைக் கவ்வச் செய்து, ஆழத்துக்கு இறக்கி அங்கே விடுவிக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. கீழே போகப் போகக் காற்று மீண்டும் சுருங்கிவிடும். ஃபுளூக் மீனுக்கு இத்தொல்லை இல்லை; வளர்ந்தபின் அதற்குக் காற்றுப்பையே கிடையாது.

இனி, முன்னே சொன்ன ஆபத்துக்கு வருவோம்.

நியூயார்க்கிலிருந்து ரயில் வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர் கிழக்கே, லாங் ஐலண்டு என்னும் நீண்ட தீவின் முனையில் மான்டாக் என்ற ஊர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில், மீன்பிடிப்போருக்கென்றே நகரத்திலிருந்து அங்கே ஒரு தனி ரயில் விடப்பட்டது. ரயில் நின்றதும் மக்கள் இறங்கித் துறையை நோக்கி ஓடுவர். விருப்பமான படகில் முந்தி ஏறுவதற்காக அந்த ஓட்டம். 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சனிக்கிழமை, தொழிலாளர் தின விடுமுறையின் தொடக்கம். அன்று ‘பெலிகன்’ என்ற 42 அடி நீளப் படகில், காப்டனையும் உதவியாளரையும் சேர்த்து 64 பேர் ஏறிவிட்டனர். காலை வானிலை அமைதியாகவே இருந்தது. முற்பகலில் காற்று வடகிழக்காகத் திரும்பி வலுத்தது. நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசவே அலைகள் செங்குத்தாக எழுந்தன. காப்டன் படகைக் கரைக்குத் திருப்பினார். வழியில் இரண்டு எந்திரங்களுள் ஒன்று நின்றுவிட்டது. மான்டாக் முனையின் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, பிற்பகல் இரண்டு மணி அளவில், அடுத்தடுத்து வந்த பேரலைகளில் படகு கவிழ்ந்தது. அண்மையிலிருந்த படகுகள் விரைந்து வந்து சிலரைத் தூக்கியும், பிழைத்தவர் 19 பேரே. காப்டன் உள்ளிட்ட 45 பேர் மாண்டனர்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளப் பௌதிக நூல் பயில வேண்டியதில்லை. சுமை அடித்தட்டில் இருந்தால் படகு சாய்ந்தாலும் நிமிரும். அறுபது பேர் மேல்தட்டில் நின்றால், சுமையின் மையம் உயர்ந்துவிடும். அன்றியும் மனிதச் சுமை நெல்மூட்டையைப் போல ஓரிடத்தில் கிடப்பதன்று. ஓர் அலையில் படகு சாய்ந்தால் எல்லாரும் அப்பக்கமே சரிவர், சாய்வு மேலும் மிகும். அடுத்த அலை வரும்போது படகு நிமிர்ந்திராது.

அக்காலத்தில் இத்தனை பேர்தாம் ஏறலாம் என்று அப்படகுக்கு வரம்பு கட்டிய சட்டம் இல்லை. பதினைந்து டன்னுக்கு உட்பட்ட மோட்டார்ப் படகுகள் அரசின் பரிசோதனைக்கு வெளியே இருந்தன. பெலிகன் அவ்வெல்லைக்குள் அடங்கியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1956-இல், ஆறு பயணிகளுக்கு மேல் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்லும் சிறு படகுகளும் பரிசோதனை பெற வேண்டுமென்று அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. எத்தனை பேர் ஏறலாம் என்பது பரிசோதனைச் சான்றிதழில் எழுதப்படும்; சான்றிதழ் பயணிகளின் கண்ணிற் படும் இடத்தில் இருக்க வேண்டும். நண்பர் ஆறு பேர் மட்டும் அமர்த்திச் செல்லும் சிறு வாடகைப் படகுகள் அங்கே மிகுந்திருப்பதும், ‘ஆறு’ என்ற எண்ணாலேயே அவற்றின் உரிமம் பேச்சுவழக்கில் குறிக்கப்படுவதும் இச்சட்டத்தின் விளைவுகள்.

நம் நாட்டிலும் இதைப் படிப்போர் பலர் விடுமுறையில் எலிஃபன்டாவுக்கோ, கேரளத்து உப்பங்கழிகளுக்கோ, பெரியாற்று நீர்த்தேக்கத்துக்கோ சென்று படகேறுபவர்களே. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த உல்லாசப் படகில் 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைக் காண மக்கள் ஒரு பக்கமாகக் குவிந்ததும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர் மூழ்கினர். அது மீன்பிடி படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தது. படகில் கால் வைக்குமுன், அனுமதிக்கப்பட்ட எண் எழுதிய பலகையைத் தேடிப் பார்ப்பதும், ஏறியவரை எண்ணிப் பார்ப்பதும் பயணிக்கும் கைவரக்கூடிய காரியங்கள்.

அந்த எண்ணும் என்றென்றைக்கும் ஒன்றாக நிற்பதன்று. அமெரிக்காவில் ஒரு பயணியின் சராசரி எடை 160 பவுண்டு என்று கொண்டே நெடுங்காலம் கணக்கிட்டு வந்தனர். மக்களின் உடல் பருத்துவிட்டதை ஏரிகளிலும் துறைமுகங்களிலும் நேர்ந்த விபத்துகள் உணர்த்தவே, 2011-இல் அந்தச் சராசரியை 185 பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 84 கிலோகிராமாக, உயர்த்தினர். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், முன்பு 37 பேரை ஏற்றத் தகுதி பெற்றிருந்த படகு, அந்த மாற்றத்துக்குப் பின் 32 பேரைத்தான் ஏற்றலாம். மீதி ஐவர் கரையில் நின்று அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும்.