குறுநிலக் கணக்கு – 7: துணை வருமானம் எந்த நாளில் வருகிறது?

பயிரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தேசிய மாதிரி ஆய்வின் 77-ஆவது சுற்று அப்பட்டமாகக் காட்டியது. 2018-19 வேளாண் ஆண்டில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063 ரூபாய்; பயிர் தந்தது 3,798; கால்நடை தந்தது 1,582. தமிழ்நாட்டிலோ 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. எனவே துணை வருமானம் வேண்டுமா என்று விவாதிக்க இடமில்லை. எதைத் தேர்வது என்பதில்தான் தடுமாறுகிறோம். ‘எதில் லாபம் அதிகம்?’ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். ‘பணம் எந்த நாளில் கைக்கு வரும்?’ என்பதை அதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

நெல் காசாக நான்கு மாதமாகும். வீட்டுச் செலவு அதுவரை காத்திருப்பதில்லை. இந்த இடைவெளியைக் கைமாற்றும் வட்டிக்கடனும் வியாபாரியின் முன்பணமும் நிரப்புகின்றன. முன்பணம் வாங்கியவர் அறுவடையன்று விலை பேசும் நிலையில் இருப்பதில்லை. சொசைட்டியில் ஊற்றும் பாலின் பணம் சிறிய தொகைதான். ஆனால் அது மளிகைக் கடனைத் தடுக்கிறது, விளைச்சலைச் சில வாரம் இருப்பு வைக்கும் தெம்பைத் தருகிறது. வரப்போரமும் கிணற்றடியும் வளரும் சிறுகீரை மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் அதை இடைத்தரகரின்றி விற்க வழி செய்தது. வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் ஒரு கிடாயை விற்றுக்கொள்ளலாம். இவற்றின் உண்மையான மதிப்பில் கட்டாமல் தப்பிய வட்டியையும் சேர்க்க வேண்டும்.

மாட்டில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பார்கள் சிலர். அதே ஆய்வே அவர்களுக்குச் சான்று தருகிறது: கைக்காசுச் செலவோடு, வீட்டிலேயே கிடைக்கும் தீவனம் போன்றவற்றுக்கும் விலை போட்டால் கால்நடை வருமானம் 1,582-லிருந்து 441 ரூபாயாகச் சரிகிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விலைபோகாத வைக்கோலையும் வரப்புப் புல்லையும் காசாக்குவதுதான் சிறு விவசாயி வீட்டு மாட்டின் வேலை. அவற்றுக்குச் சந்தை விலை போட்டால் கணக்கு மெலியும். தீவனத்தையே விலைக்கு வாங்கினால் குடும்பமும் மெலியும். நிலத்தின் தீவனம் எத்தனை உருப்படிக்குப் போதுமோ, அத்தனையோடு நிறுத்துவதே சரி. கடன் வாங்கிப் பத்து மாடு கட்டுவது துணை வருமானமாகாது. அது இன்னொரு தொழில், அதற்கு வேறு முதலும் வேறு ஆளும் வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. விடிவதற்குள் சாணி அள்ளிப் பால் கறப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அந்த உழைப்புக்குக் கூலி எழுதுவாரில்லை. அதை எழுதிப் பார்த்தால் சில வீடுகளில் நூறு நாள் வேலைக்குப் போவதே மேலாகத் தெரியலாம். அப்படியானால் அதுவே அந்த வீட்டுக்கு உகந்த துணை வருமானம். வேலையைப் பகிர ஆளும், நிலத்தில் தீவனமும், நடக்கும் தூரத்தில் சொசைட்டியும் இருந்தால் மட்டும் மாடு வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மானியம் கிடைக்கிறதே என்று இறங்கக் கூடாது.

அறுவடையை இருப்பு வைப்பதற்கு ஆகும் செலவையும் அதன் ஆபத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)