படபடப்புக்குச் சத்து மாத்திரை: கடைக்காரர் அறிய வேண்டியவை

"நெஞ்சு படபடன்னு அடிக்குது அண்ணே, தூக்கமே வரலை. சத்து மாத்திரை, பவுடர் ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளரை நம் அனுமந்தன்பட்டி வணிகர்கள் அறிவோம். திராட்சைக்கு விலை இறங்கினால் விவசாயிக்கும், பாக்கி வசூலாகாவிட்டால் நமக்கும் இதே நிலைதான். நிமான்ஸ் நிறுவனம் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநலக் குறைகள் உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சை பெறுவதில்லை. ஆகவே பலர் முதலில் வந்து நிற்பது நம் கல்லா முன்னால்தான்.

நாம் விற்கும் சரக்கில் இதற்கென அதிகம் பேசப்படுவது அமுக்கரா, அதாவது அசுவகந்தா. மத்தியப் பிரதேசத்து நீமச் மண்டி இக்கிழங்குக்குப் பேர் பெற்றது. சில வாரங்களே நடந்த சிறு ஆய்வுகளில் பதற்றம் ஓரளவு குறைந்ததாகத் தெரிகிறது. ஆனால் திடீரென மூச்சு முட்டி, உயிரே போவதுபோல் வரும் பீதிக்கு இது மருந்து என்று நிரூபணம் ஆகவில்லை. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. டென்மார்க் 2023இல் இதைத் தடை செய்தது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. தைராய்டு, சர்க்கரை, தூக்க மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மெக்னீசியம், பி12 போன்றவை உடலில் அச்சத்து குறைந்தவர்களுக்குப் பயன்படும். மற்றவர்களின் பதற்றத்தை அவை தணிக்கும் என்பதற்குச் சான்று குறைவு. நாம் விற்கும் காப்பித்தூளே சிலருக்குப் படபடப்பைக் கூட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சத்துப்பொருள் என்பது உணவு, மருந்து அல்ல. டப்பாவில் 14 இலக்க உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்கிறதா என்று பார்த்தே சரக்கு எடுக்க வேண்டும். 'பயம் நீங்கும், நரம்புத் தளர்ச்சி தீரும்' என்று கடையில் அட்டை எழுதித் தொங்கவிட்டால் சிக்கல் நமக்குத்தான். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இச்சட்டத்தில் இடமுண்டு.

அபராதத்தைவிடப் பெரிது உயிர். நெஞ்சுவலி, இடது கை வலி, வியர்வை என்று சொல்பவருக்கு டப்பா எடுத்துக் கொடுக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பவுடருக்கு மாற விரும்புபவரிடம், "டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க" என்று சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் சில மாத்திரைகளுக்கு வலிப்பே வரக்கூடும்.

பல நாளாகப் பதற்றம் இருப்பவருக்கு வழி உண்டு. ரத்தசோகை, தைராய்டு கோளாறாலும் படபடப்பு வரும், பரிசோதித்தால் தெரிந்துவிடும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இந்த எண்ணை எழுதிக் கல்லாப் பெட்டியருகே ஒட்டி வைப்போம். ஒரு டப்பா விற்பனை குறையலாம்; நம்மை நம்பி வந்த வாடிக்கையாளர் நமக்கு நிலைப்பார்.