மேல்சீலை மறுக்கப்பட்ட மண்ணில் வேடம் கட்டலாமா?

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891இல் ஆர்தூர் ஹசேலியுஸ் என்பவர் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, அந்தக் காலத்து உடையில் ஆட்களையும் அங்கே நடமாடவிட்டார். வேடம் கட்டி வரலாறு சொல்லும் தொழில் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

இதற்கு மனப்பாட வசனம் உதவாது; எந்தக் கேள்வி வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கைக்கு ஒரு வேலை வேண்டும். மாவு இடிப்பதையோ தறி நெய்வதையோ பார்த்தவர் தாமாகவே பேச்சுக் கொடுப்பார். பேச்சில் இரண்டு பாணி உண்டு. ஒன்றில், வேடமிட்டவர் அந்தக் காலத்து ஆளாகவே பேசுவார்; கைப்பேசியைக் காட்டினால் விழிப்பார். மற்றதில் உடை மட்டும்தான் பழையது. முதல் பாணியில் சுவை அதிகம். ஆனால் தன் காலத்து அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல அந்தப் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் வாய் வராது.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் இதுதான் சிக்கல். நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் முன்செல்ல, களியக்காவிளை தாண்டி இவ்வழியே திருவனந்தபுரம் போகிறார்கள். இங்கே வேடம் கட்டி வரலாறு சொல்வதானால், அந்த மன்னர் வேடத்துக்கு ஆள் கிடைப்பார். மன்னராட்சிக் காலத்து நாடார் பெண்ணின் வேடத்தை யார் கட்டுவது?

மார்பை மேல்சீலையால் மறைக்கும் உரிமை அவளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. தென் திருவிதாங்கூரில் 1822இல் மூண்ட தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீடித்தது. திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மகாராஜா அந்த ஆண்டு அனுமதி தந்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

இத்தகைய கொடுமையை வேடம் கட்டிக் காட்டியதும் உண்டு. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். நடத்தியவர்களும் கறுப்பினத்தவர்கள், எதிர்த்தவர்களிலும் கறுப்பினத்தவர்கள். பார்த்தபின் எதிர்ப்பாளர் ஒருவர் மனம் மாறியதும் உண்மை. ஆனால் அங்கே நடித்தவர்கள் உடையோடு நின்றார்கள். இங்கே பறிக்கப்பட்டதே உடை.

ஆகவே இந்த ஊர்களுக்கு இரண்டாம் பாணிகூட முழுதாகப் பொருந்தாது. இன்றைய சேலையில், கையில் ஒரு துண்டு மேல்சீலையோடு நின்று ஒரு பெண் இதைச் சொன்னால் போதும். தமிழும் மலையாளமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் திருவிதாங்கூரின் இந்தப் பகுதி இரண்டாகப் பிரிந்தது: 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது.