ஓடும் வெள்ளத்தை நடக்கச் செய்த ஊர்

இங்கிலாந்தின் வட யார்க்ஷயரிலே பிக்கரிங் பெக் என்றொரு சிற்றாறு உண்டு. ‘பெக்’ என்பது அவ்வட்டார வழக்கில் ஓடை. புதர் மண்டிய மேட்டு நிலத்திலே பிறந்து, நியூட்டன்டேல் என்னும் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே இறங்கி, பிக்கரிங் நகரின் ஊடே பாய்கிறது. மேட்டிலே பெய்யும் பெருமழை விரைவில் நகரை எட்டிவிடும். 1999 முதல் 2007 வரை நான்கு முறை வெள்ளம் புகுந்தது. கரைச்சுவர் எழுப்பவோ செலவு கட்டவில்லை.

எனவே 2009 முதல் வேறு வழி கையாளப்பட்டது. மேட்டு ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளை இடைவெளிவிட்டு அடுக்கி, நூற்றுக்கு மேற்பட்ட தடைகளை அமைத்தனர். வழக்கமான நீர் அடியிலே ஓடிவிடும். வெள்ளம் மட்டும் தடைபட்டு, அருகு நிலத்தில் பரவி, மெல்ல வடியும். மரக்கன்றுகளும் நட்டனர். நகருக்கு மேலே 1,20,000 கன மீட்டர் நீரைத் தேக்கவல்ல மண்கரையும் எழுந்தது.

2015 டிசம்பர் பெருமழையில் நகரம் தப்பியது. வெள்ளத்தின் உச்சம் 15 முதல் 20 சதவீதம் குறைந்ததென ஆய்வாளர் கணித்தனர். எல்லா வெள்ளத்தையும் இம்முறை தடுத்துவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதில் நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நீரைத் தாங்குவது மேட்டு நிலம். பயன் பெறுவதோ கீழுள்ள ஊர். இருதரப்பாரும் ஒன்றுகூடி முடிவு செய்தாலன்றி, எந்த ஆற்றின் வெள்ளத்துக்கும் நிலையான பரிகாரம் இல்லை.